வேர் விட்ட தக்காளிக் கொழுந்து வாளிக்குப் போனதும் துவள்கிறது, என்ன செய்யலாம்?

வணக்கம். பாலக்கோட்டுக்காரன். சுற்றிலும் தக்காளித் தோட்டமாக இருக்கிற ஊரில் மொட்டை மாடியில் வாளியில் தக்காளி வளர்க்கிறேன் என்றால் வீட்டிலேயே சிரிக்கிறார்கள். சரி, அது இருக்கட்டும்.

மண் இல்லாமல் உரக்கரைசலில் வேரைத் தொங்கவிட்டு வளர்க்கும் கிராட்கி முறைதான், மோட்டார், காற்றுக்குழாய் எதுவும் கிடையாது. 20 லிட்டர் பெயின்ட் வாளி, மூடியில் துளை, அதில் செடி உட்காரும் வலைத்தொட்டி, உரக்கரைசல். இலைக்கணுவில் வரும் பக்கக் கொழுந்தைக் கிள்ளித் தண்ணீர் டம்ளரில் வைத்தேன். பத்தே நாளில் விரல் நீளத்துக்கு வெள்ளை வேர். வாளிக்கு மாற்றிய மூன்றாம் நாளே துவண்டது. தூக்கிப் பார்த்தால் வேர் பழுப்பாகி, விரலில் வழவழவென்று ஒட்டுகிறது, சாக்கடை வாடை வேறு. ஆறில் நான்கு போய்விட்டது.

போர் தண்ணீர், உரம் போடும் முன்பே டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) 1100 காட்டுகிறது. எலுமிச்சை உப்பு போட்டு பிஎச்சை (அமில-கார அளவை) 6-க்கு இறக்கினாலும் இரண்டு நாளில் 8-க்குப் போய் நிற்கிறது. வாளி வெள்ளை நிறம், உள்ளே பாசி. மதியத்தில் கரைசலைத் தொட்டால் வெதுவெதுவென்று இருக்கிறது. வலைத்தொட்டி முழுக்க மூழ்கும்படி நிரப்பியதும் தப்போ?

மாற்றிய முதல் வாரம் உரத்தை எவ்வளவு குறைக்க வேண்டும்? வேரில் எத்தனை விரல் அளவு காற்றில் தொங்க வேண்டும்? கரைசல் குறைந்தால் மறுபடி நிரப்பலாமா, அப்படியே விடுவதா? பிடித்து வைத்த மழைத்தண்ணீர் இரண்டு குடம் இருக்கிறது, அதைக் கலந்தால் போதுமா? மிச்சமிருக்கும் இரண்டு செடியும் இப்போது நிழலில். நம் பக்கத்துத் தண்ணீரில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.