புது லேப்டாப்: எது இருந்தால் வாங்கலாம்? காரைக்குடி வட்டார அனுபவங்கள்

காரைக்குடி, பழம்பொருள் படமெடுப்பு

முனீஸ்வரன் கோயில் தெருவில் சில கடைகளுக்குப் பழம்பொருள்களைப் படம் எடுத்து, அளவும் விவரமும் சேர்த்துப் பட்டியல் போட்டுக் கொடுக்கிறேன். என்னிடம் இருப்பது 2017இல் வாங்கிய லேப்டாப். ஏழாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். ஒரு மரப்பெட்டியின் பத்துப் படங்களைத் திறந்தாலே மூச்சு வாங்குகிறது. கடைக்குப் போனால் ஏஐ, ஓஎல்இடி திரை, வைஃபை 6, 144 ஹெர்ட்ஸ் திரை என்று அடுக்குகிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான். இதில் எது வந்தபிறகு உங்கள் வேலை நிஜமாகவே மாறியது? எது வெறும் ஸ்டிக்கர்? வாங்கியவர்கள், வாங்கப் போய்த் திரும்பி வந்தவர்கள், இரண்டு பேரும் சொல்லுங்கள். கேம் விளையாட வாங்கியவர்கள் கோவித்துக்கொள்ள வேண்டாம், அந்தக் கணக்கு வேறு.

தேவகோட்டை, கணக்கு வேலை

அண்ணே, பழசுக்கு மவுசு தெரிஞ்ச தெருவுல இருந்துக்கிட்டு இப்படிக் கேக்குறீங்களே! முதல்ல அந்த ஹார்ட் டிஸ்கைக் கழட்டிட்டு ஒரு எஸ்எஸ்டி போடுங்க, அதாவது சுத்துற தட்டு இல்லாம சிப்புலயே சேமிக்கிறது. அதுக்கப்புறமும் புதுசு வேணும்னு தோணுதான்னு பாருங்க.

எங்க ஆபீஸ்ல உங்க வயசு மெஷின்தான் இருந்துச்சு. டாலிங்கிற கணக்கு சாஃப்ட்வேர், ஜிஎஸ்டி ரிட்டர்ன், நாலஞ்சு எக்செல், பிரவுசர். சுத்துற டிஸ்க் செகண்டுக்கு 100 எம்பி குடுத்தாலே பெருசு, அதுவும் சின்னச் சின்ன ஃபைலா கேட்டா திணறிடும். பழைய டிஸ்க் மாட்டுற அதே இணைப்புல மாட்டுற சாதா சாட்டா எஸ்எஸ்டியே 500ஐத் தாண்டும். மாத்தின அன்னைக்கு ஆபீஸ் பொண்ணு, ‘சார், புதுசு வாங்கிட்டீங்களா’ன்னு கேட்டுச்சு. இப்ப புது லேப்டாப்ல என்விஎம்இன்னு இன்னும் வேகமான எஸ்எஸ்டி, 3,000க்கு மேல போகும்ங்கிறாக. போகட்டும். சாட்டாவுலேருந்து அதுக்கு வந்தப்ப எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. முதல் தாவல்தான் தாவல்.

அப்ப ஏன் நான் புதுசு வாங்கினேன்னு கேப்பீங்க. விண்டோஸ்தான் காரணம். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட ஆதரவு முடிஞ்சு போச்சு. பதிவு பண்ணிக்கிட்டா பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் 13 வரைக்கும். விண்டோஸ் 11க்கு இன்டெல்னா எட்டாம் தலைமுறையிலேருந்துதான் பட்டியல், டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்புச் சிப் வேற வேணும். உங்களுது ஏழு. ஒரு படி கம்மி. குறுக்கு வழியில ஏத்துறவங்க இருக்காக. ஆனா என் மெஷின்ல நாப்பது அம்பது பேரோட பான், ஆதார், பேங்க் ஸ்டேட்மெண்ட் கிடக்கு. அதை வச்சுக்கிட்டு நான் அந்த விளையாட்டுக்கு வரல.

வாங்குறப்ப கடைக்காரத் தம்பி ரொம்ப ஒல்லியா ஒண்ணை எடுத்து நீட்டுச்சு. அழகுன்னா அழகு. ரெண்டே ரெண்டு டைப்-சி ஓட்டை. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பிரிண்டர், மவுஸ் எல்லாம் பழைய யுஎஸ்பி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கன்வெர்ட்டர் வால் மாட்டிக்கிட்டுத் திரியணும். நம்பர் பேடும் இல்ல. என் வலது கை கீழ பாக்காமலே நம்பர் அடிக்கும், மேல் வரிசையில தேடித் தேடி அடிக்கச் சொன்னா மார்ச் மாசம் நான் வீட்டுக்கே போக முடியாது. தடிமனாவே இருக்கட்டும்னு 15.6 இஞ்ச்ல ஒண்ணை எடுத்துட்டு வந்தேன்.

காரைக்குடி, கண்டாங்கிச் சேலை விற்பனை

தம்பி, உங்க தொழிலும் என் தொழிலும் ஒண்ணுதான், ரெண்டு பேரும் படத்தைக் காட்டித்தான் விக்கிறோம். அதனால நான் திரையைப் பத்தி மட்டும் சொல்றேன்.

கண்டாங்கிக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்ச பிறகு வெளியூர்லேருந்து விசாரிக்கிறது கூடுச்சு. வாட்ஸ்அப்ல படம் அனுப்புவேன். கண்டாங்கின்னாலே அரக்கு, மாம்பழ மஞ்சள், கறுப்பு, பெரிய கட்டம், அகலக் கரை. இதுல அரக்குதான் என் உயிரை வாங்குச்சு. என் லேப்டாப் திரையில அரக்கு, செங்கல் பொடி மாதிரி வெளுத்துத் தெரியும். அதனால நிறத்தை ஏத்தி, ஏத்தி, திரையில சரியா வர்ற வரைக்கும் திருத்தி அனுப்புவேன். வாங்குறவங்க பாக்குறது நல்ல போன்ல. அவங்களுக்கு அது ரத்தச் சிவப்பா பளீர்னு போய் நிக்கும். சேலை கைக்கு வந்ததும், ‘படத்துல ஒண்ணு, பார்சல்ல ஒண்ணா’ன்னு திருப்பி அனுப்பிருவாக. போக வர கூரியர் காசு யாரு குடுக்குறது?

மருமகன்தான் விஷயத்தைப் புரிய வச்சாக. விலை கம்மி லேப்டாப்புல பெரும்பாலும் 45 சதவீதம் என்டிஎஸ்சி-ன்னு, நிறத்தைக் கம்மியாக் காட்டுற ஒரு திரையைப் போட்டுர்றாங்களாம். படங்களுக்குப் பொதுவா வச்சிருக்கிற எஸ்ஆர்ஜிபிங்கிற நிற அளவுகோல்ல பாத்தா மூணுல ரெண்டு பங்கு நிறத்தைக்கூட அது காட்டாது. மீதிச் சிவப்பு, பச்சை எல்லாம் மங்கித்தான் வரும். பெட்டியில ‘ஃபுல் எச்டி’ன்னு கொட்டை எழுத்துல இருக்கும், இந்த விவரம் எங்கயும் இருக்காது, அந்த மாடலோட முழு விவரத்தைத் தேடி எடுத்தாத்தான் தெரியும். பாக்க வேண்டியது ‘100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி’ன்னு போட்டிருக்கான்னு.

நான் என்ன செஞ்சேன்னா, கடைக்கு ஒரு அரக்குச் சேலையையும் அதோட திருத்தாத படத்தை ஒரு பென்டிரைவ்லயும் கொண்டு போனேன். மேசையில வரிசையா இருந்த லேப்டாப் எல்லாத்துலயும் அதே படத்தைத் திறந்து, பக்கத்துல சேலை முந்தியைப் பிடிச்சுப் பாத்தேன். கடைக்காரவுக சிரிச்சாக. ஆனா வித்தியாசம் அவுகளுக்கே தெரிஞ்சுச்சு. ரெண்டு மாடல் ஒரே விலை, ஒரே ஐ5, ஒரே ரேம். ஒண்ணுல அரக்கு, இன்னொண்ணுல செங்கல்.

இன்னொண்ணு, வெளிச்சம். எங்க வீட்டுல வளவுலதான் சேலையை விரிச்சுப் படம் எடுப்பேன், முற்றத்து வெயில் நேரா விழும். 250 நிட்ஸ் (திரை வெளிச்சத்தோட அளவு) திரை அங்க கண்ணாடி மாதிரி என் மூஞ்சியைத்தான் காட்டும். 400 இருக்கறதை எடுத்தேன், பளபளக்காத மேட் பூச்சோட. இப்ப திருத்துற வேலையே பாதியாக் குறைஞ்சு போச்சு. நிறம் சரியில்லைன்னு சேலை திரும்பி வர்றதும் அனேகமா நின்னுருச்சு.

காரைக்குடி, பழம்பொருள் படமெடுப்பு

ஆச்சி, இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். பித்தளையும் வெண்கலமும் என் திரையில் ஒரே நிறமாகத் தெரிவதற்கு இப்போது காரணம் புரிகிறது. ஒரு சந்தேகம்: நிறத்துக்காக மட்டும் என்றால், பழைய லேப்டாப்பிலேயே நல்ல மானிட்டர் ஒன்றை வெளியே மாட்டிக்கொள்ளலாமே?

காரைக்குடி, கண்டாங்கிச் சேலை விற்பனை

தாராளமா மாட்டலாம் தம்பி. ஒரே இடத்துல உக்காந்து வேலை பாக்குறவங்களுக்கு அதுதான் லாபம். நான் சேலையைத் தூக்கிக்கிட்டு நெசவாளர் வீட்டுக்கும் கண்காட்சிக்கும் போறவ, எனக்கு அது ஒத்து வராது.

கானாடுகாத்தான், பழைய வீட்டில் விருந்தினர் விடுதி

வைஃபை 6 என்ற புதுத் தலைமுறை வைஃபை பற்றி ஒரு வார்த்தை. காசு கொடுக்காதீர்கள். அதாவது, அதற்கென்று தனியாகக் கொடுக்காதீர்கள், இப்போது வருவதில் பெரும்பாலும் எப்படியும் இருக்கும். எங்கள் வீட்டில் முகப்பில் ரவுட்டர், இரண்டாம் கட்டில் அலுவலகம். நடுவில் இருக்கும் சுவர்களின் கனத்துக்கு முன்னால் எந்த லேப்டாப்பும் ஒன்றுதான். வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைதான் சுவரில் முதலில் சாகும், பழைய 2.4 ஓரளவு ஊர்ந்து வரும். கடைசியில் ஓட்டடியில் லேன் கேபிள் இழுத்து, உள்ளே இன்னொரு ரவுட்டர் வைத்தோம். பழைய லேப்டாப்பே பறக்கிறது. புதிதாக வாங்கினால் லேன் ஓட்டை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், ஒல்லி மாடல்களில் அதைத்தான் முதலில் எடுத்துவிடுகிறார்கள்.

காரைக்குடி, பேட்டரி ஆராய்ச்சி மாணவன்

மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான செக்ரி இருக்கிற ஊரில் பேட்டரி பற்றி யாரும் பேசாமல் விட்டால் எப்படி?

லித்தியம் அயான் பேட்டரிக்கு இரண்டு எதிரிகள். ஒன்று சூடு, இன்னொன்று எந்நேரமும் 100 சதவீதத்தில் நிற்பது. நம்மூர் மே மாத வெயிலில், சார்ஜரை மாட்டியபடியே மெத்தை மேல் வைத்து வேலை பார்த்தால் இரண்டும் சேர்ந்து அடிக்கும். பல லேப்டாப்களில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி உண்டு. அது இருப்பதே தெரியாமல் இரண்டு வருஷத்தில் பேட்டரியைக் கொன்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முடிவு எடுப்பதற்கு முன் விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுத்துப் பாருங்கள், கமாண்ட் பிராம்ப்டில் ஒரே வரி. அதில் டிசைன் கெபாசிட்டி (புதிதில் பிடித்தது), ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி (இப்போது பிடிப்பது) என்று இரண்டு எண் வரும். என்னுடைய பழசில் முதல் எண் 41 வாட்-அவர், இரண்டாவது 20க்குப் பக்கம். பாதி காலி. பேட்டரியை மாற்றினால் மறுபடி 41 கிடைக்கும். ஆனால் என் மெஷின் லேசான வேலைக்கே 9, 10 வாட் இழுத்தது. 41ஐப் பத்தால் வகுத்தால் நாலு மணி நேரம். பேட்டரி புதிதாகவே இருந்தாலும் அதற்கு மேல் வராது. இப்போது வைத்திருப்பது அதே வேலைக்கு 5, 6 வாட், பேட்டரி 54. பல்லவன் ரயிலில் காலையில் ஏறி மதியம் சென்னை எழும்பூரில் இறங்கும் வரை எழுதிக்கொண்டே போனேன், அப்போதும் மூன்றில் ஒரு பங்கு போல மிச்சம். இதைப் பழைய மெஷினில் எந்தப் பாகத்தை மாற்றினாலும் கொண்டுவர முடியாது. ஆனால் உங்கள் லேப்டாப் நாள் முழுக்கப் பிளக்கிலேயே இருக்குமென்றால் நான் சொன்னதில் பாதி உங்களுக்கு வேண்டாம்.

டைப்-சி சார்ஜிங் மட்டும் அவசியம் பாருங்கள். 65 வாட் சார்ஜர் ஒன்று போதும், போனுக்கும் அதுவே. பழைய ஊசி முனை சார்ஜர் பழுதானால் அதே மாடலைத் தேடி அலைய வேண்டும்.

சிங்கப்பூர், சொந்த ஊர் புதுவயல்

ரேம் பற்றி யாரும் சொல்லவில்லையே. உங்கள் பழசில் ரேம் பெரும்பாலும் கழட்டி மாட்டுகிற வகையாக இருக்கும், 16 ஆக்கிக்கொள்ளலாம். புது ஒல்லி மாடல்கள் பலவற்றில் ரேம் போர்டோடு பற்றவைத்தது. வாங்கும்போது 8 என்றால் கடைசி வரை 8தான். ஆப்பிளின் மேக்புக்கிலும் அப்படியே, மேக்புக் ஏரில் 2024 அக்டோபரில்தான் குறைந்தபட்சத்தை 16 ஆக்கினார்கள். அதனால் புதிதாக வாங்குகிறவர் 16க்குக் கீழே போகாதீர்கள். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கிறது, ஏஐ டேட்டா சென்டர்கள் வாரிக்கொண்டு போவதால். தனியாக வாங்கிப் போடுவதற்கும் இப்போது யோசிக்கத்தான் வேண்டும்.

எனக்கு மேக்புக் ஏர் வாங்கக் காரணம் எடை. 1.24 கிலோ, ஃபேன் கிடையாது. முதுகு வலிக்காரன் நான், பழசு சார்ஜரோடு சேர்த்து மூன்று கிலோவைத் தொடும். அப்பச்சிக்கும் ஒன்று வாங்கிவரலாம் என்று பார்த்தேன், அவர்கள் டாலி இல்லாமல் இருக்கமாட்டாக. டாலி மேக்கில் நேரடியாக ஓடாது. ஆசை அதோடு போயிற்று.

ஊருக்கு வரும்போது வாங்கி வரச் சொல்லிக் கேட்பவர்களுக்கு: 18 வயது நிரம்பியவர் ஒரு லேப்டாப் சுங்கம் இல்லாமல் கொண்டு வரலாம். ஆனால் அந்த மாடலுக்கு இந்தியாவில் வாரண்டி செல்லுமா என்று எழுத்தில் பாருங்கள். இங்கே மலிவு என்று வாங்கி, அங்கே கீபோர்டு போய், ரிப்பேர் செலவு மிச்சத்தைத் தின்ற கதை எங்கள் பங்காளி வீட்டில் நடந்தது.

பள்ளத்தூர், ஆசிரியை

ஏஐ பட்டன் வைத்த ஒன்றை என் தங்கை வைத்திருக்கிறாள். மைக்ரோசாஃப்ட் 2024 மே மாதம் அறிவித்த கோபைலட் பிளஸ் வகை, ஏஐ கணக்குகளுக்கென்றே என்பியு என்ற தனிப் பகுதி அதில் உண்டு. சாட்ஜிபிடியிடம் கேள்வி கேட்கவும் தமிழில் கடிதம் எழுதவும்தான் அவளுக்கு ஏஐ. அதெல்லாம் இன்டர்நெட்டில் எங்கோ இருக்கும் சர்வரில் நடக்கிறது, என் பழைய லேப்டாப்பிலும் அதே வேகத்தில்தான் பதில் வருகிறது. வீடியோ காலில் பின்னணியை மங்கலாக்கும்போது மட்டும் அவளுடையதில் ஃபேன் சத்தம் இல்லை. அதற்கு அவ்வளவு விலையா? கூடவே வந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

காரைக்குடி, பழம்பொருள் படமெடுப்பு

எல்லோருக்கும் நன்றி. என் கணக்கு இப்படி வந்திருக்கிறது. எஸ்எஸ்டி, ரேம், பேட்டரி மூன்றையும் பழசிலேயே மாற்றலாம் என்பதால் அவற்றுக்காகப் புதிது வாங்கத் தேவையில்லை. எளிதில் மாற்ற முடியாதவை திரையும் பிராசஸரும். கடைகளில் போய்ப் பட்டியல் போடுவதால் வெளி மானிட்டர் எனக்கும் சரிவராது, விண்டோஸ் 11 பட்டியலிலும் நான் இல்லை. ஆகவே வாங்குகிறேன்: 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி, 16 ஜிபி, 512 எஸ்எஸ்டி, டைப்-சி சார்ஜிங். கேமரா கார்டு ஓட்டை இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒரு கார்டு ரீடர். ஏஐயையும், இங்கே யாரும் அவசியம் என்று சொல்லாத ஓஎல்இடி, 144 ஹெர்ட்ஸ் இரண்டையும் அடித்துவிட்டேன். கடைக்குப் போகும்போது பித்தளைத் தூக்கு ஒன்றும் வெண்கலக் கும்பா ஒன்றும் கையில் இருக்கும். பழசை எக்ஸ்சேஞ்சில் போடலாமா?

தேவகோட்டை, கணக்கு வேலை

எக்ஸ்சேஞ்ச்ல அந்த வயசு மெஷினுக்குப் பெருசா ஒண்ணும் தரமாட்டாக அண்ணே. குடுக்குறதா இருந்தா டிஸ்கைக் கழட்டி வச்சுக்கிட்டுக் குடுங்க, சும்மா டெலீட் பண்ணிட்டுக் குடுத்தா படமெல்லாம் திரும்ப எடுத்துருவாங்க. வீட்டுல படிக்கிற பிள்ளை இருந்தா, ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதிலா இலவசமாக் கிடைக்கிற லினக்ஸ் மின்ட் ஏத்திக் குடுங்க. எங்க அக்கா மகன் அதுலதான் பைத்தான் புரோகிராமிங் படிக்கிறான். கழட்டின 1 டிபி டிஸ்குக்கு ஒரு யுஎஸ்பி உறை வாங்கி மாட்டினா உங்க பட்டியலுக்கெல்லாம் பேக்கப் ஆச்சு.