படிவம் 1 பிள்ளைகளுக்கு அடர்த்தி: தேனும் எண்ணெயும் கைகொடுக்கவில்லை, வேறு வழி உண்டா?

தாப்பா டீச்சர்:
வணக்கம். மலேசியாவில், தாப்பா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து மண்டபத்தில் வாரம் இரண்டு நாள் டியூஷன் எடுக்கிறேன், பதினொரு பிள்ளைகள், எல்லோரும் படிவம் 1, அதாவது இடைநிலைப் பள்ளியின் முதல் வகுப்பு. பூமியின் அடுக்குகளைச் சொல்வதற்கு முன்னால் அடர்த்தி புரியணுமே என்று கண்ணாடிக் குவளையில் தேன், தண்ணீர், சமையல் எண்ணெய் ஊற்றிக் காட்டினேன். கைதட்டினார்கள். அப்புறம் "இரும்பு ஏன் பூமிக்கு நடுவில் போனது?" என்று கேட்டால், "அது பெரிசு டீச்சர், அதான்" என்கிறான் ஒருவன். இன்னொருத்தி, "அப்போ பூமிக்குள்ள எல்லாமே தண்ணி மாதிரியா?" என்கிறாள். பொருண்மையைக் கன அளவால் வகுக்கணும் என்று மட்டும் பதினொரு பேரும் ஒப்பிக்கிறார்கள். நீங்கள் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்? லேப் கிடையாது, சமையலறைத் தராசு ஒன்று இருக்கிறது.

பழைய கிராணி:
டீச்சரம்மா, தோட்டத்தில் உட்கார்ந்துகொண்டு தேனைத் தேடுறீங்களே! மெட்ரோலாக் இருக்கே, ரப்பர் பாலில் ரப்பர் எவ்வளவு என்று பார்க்கும் மிதவைக் கருவி. தோட்டத்து ஸ்டோரில் ஒரு பங்கு ரப்பர் பாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து அதை மிதக்கவிடுவோம், எந்தக் கோடு வரை முங்குது என்று பார்ப்போம். தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் ரப்பரின் அடர்த்தி 0.92 அளவுதான், தண்ணீரைவிட லேசு, அதனால் பாலில் ரப்பர் அதிகமானால் பால் லேசாகி, மெட்ரோலாக் ஆழமாக முங்கும். தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்த பால் என்றால் மேலே எழும்பி நின்று காட்டிக்கொடுத்துவிடும். வாளி நிறைந்திருக்கும், தூக்கினால் கை வலிக்கும், ஆனால் ரப்பர் இருக்காது. கனம் வேறு, அடர்த்தி வேறு என்று இதைவிட யார் சொல்லித்தருவது? அந்தக் கோட்டை வைத்து நடந்த சண்டைகளை எழுதினால் இந்தப் பக்கம் போதாது, பிள்ளைகளின் பாட்டிமார்களைக் கேளுங்க.
கருவி கிடைக்காவிட்டால் ஸ்ட்ராவின் அடியில் கொஞ்சம் களிமண் அடைத்து, முதலில் நல்ல தண்ணீரில், பிறகு உப்புத் தண்ணீரில் நிற்கவிடுங்க, பேனாவால் கோடு போடச் சொல்லுங்க.

கிந்தா வாத்தியார்:
கிராணி ஐயா சொன்னது அருமை, ஆனால் அது திரவம். பூமிப் பாடத்துக்குக் கல்லைக் கையில் கொடுத்தாகணும் டீச்சர். கேமரன் மலைக்கு ஏறும் ரோட்டோரம் கிடப்பது தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல். எடை போடுங்கள், மைலோ டின்னைத் தண்ணீரால் விளிம்பு வரை நிரப்பி, கல்லை மெதுவாக இறக்கி, வழியும் தண்ணீரைப் பிடித்து அளங்கள். நான் முதல் தடவை கோலிக்குண்டு அளவு கல்லைக் கொடுத்துத் தொலைத்தேன், ஒரு குழுவுக்கு 1.8, இன்னொன்றுக்கு 5, ஏனென்றால் நாலைந்து சொட்டு தவறினாலே கணக்கு கவிழ்ந்துவிடும். அரை கிலோவுக்குக் குறையாத கல்லாக எடுங்கள், 2.6, 2.7 என்று வரும். அப்புறம் அதே கல்லைச் சுத்தியலால் இரண்டாக உடைத்து, ஒரு துண்டை மட்டும் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். எடை குறைந்தும் அதே 2.7 வரும்போது "பெரிசு டீச்சர்" பையன் வாயை மூடிக்கொள்வான்.
அதன் பிறகு ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: மொத்த பூமியின் சராசரி அடர்த்தி 5.5. இதை 1798-லேயே ஆங்கிலேய விஞ்ஞானி ஹென்றி கேவண்டிஷ் ஈயக் குண்டுகளை வைத்து ஏறக்குறைய சரியாகக் கண்டுபிடித்துவிட்டார். மேலே கிடக்கும் கல் 2.7, சராசரி 5.5 என்றால் உள்ளே என்ன இருக்கணும்? இதற்குமேல் நீங்கள் பேசவே வேண்டாம்.
நேரம் இருந்தால் பத்து காஜாவுக்குப் பக்கத்தில் நிற்கும் தஞ்சோங் துவாலாங் கப்பலையும், அதாவது வெள்ளீயம் தோண்டிய பழைய மிதவை இயந்திரத்தையும் காட்டுங்கள். 1938-இல் கட்டியது, சுமார் 4500 டன், எல்லாம் இரும்பு, குட்டையில் மிதந்தது. ஆனால் அதை முதல் நாளே காட்டினால் குழம்பிவிடுவார்கள், உள்ளே இருக்கும் காற்றையும் கன அளவில் சேர்க்கணும் அல்லவா.

மலையடிவாரம்:
"எல்லாமே தண்ணி மாதிரியா" என்று கேட்ட பிள்ளையை விட்டுவிடாதீர்கள் அக்கா, சரியான இடத்தில் கேட்டிருக்கிறாள். மேலோட்டுக்குக் கீழே இருப்பது திடப் பாறைதான், லட்சக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல நகரும், அவ்வளவுதான். திரவமாக இருப்பது வெளிக்கருவம் மட்டும், அதாவது நடுவில் இருக்கும் இரும்புக் கருவத்தின் வெளி அடுக்கு. பூமி உருவான புதிதில் உருகிக் கிடந்தபோது இரும்பு கீழே இறங்கியது, குவளை அந்தக் காலத்துக்குத்தான் பொருந்தும். இன்னொன்று, சாதாரண இரும்பு 7.9, பூமியின் நடுவில் 13 அளவுக்குப் போகிறது, ஏனென்றால் மேலே இருப்பதெல்லாம் சேர்ந்து அதை நசுக்குகிறது. ரொட்டியைக் கையில் அழுத்திக் காட்டினால் போதும், அதே ரொட்டி, இடம் மட்டும் குறையும்.

தாப்பா டீச்சர்:
நன்றி ஐயா, வாத்தியார், தம்பி எல்லோருக்கும். சனிக்கிழமை கல்லை உடைத்தோம். முழுக்கல் 2.6, பாதிக்கல் 2.7. "ரெண்டும் ஒண்ணு இல்லையே டீச்சர்" என்று அரை மணி நேரம் சண்டை, கடைசியில் டின்னைச் சாய்த்து வைத்திருந்ததை அவர்களே கண்டுபிடித்தார்கள். ரொட்டியைப் பாடம் முடிவதற்குள் தின்றுவிட்டார்கள். பால் வெட்டிய பாட்டி ஒருவர் அடுத்த வாரம் வருகிறார், மெட்ரோலாக்கைப் பற்றி அவருக்கு இன்னும் கோபம் தீரவில்லையாம்.