விட்னியின் மில்டாங்க்கும் என் மரீப்பும்: ஹார்ட்கோல்ட் ஆடிய அனுபவம்

போக்கிமான் ஹார்ட்கோல்டை மூன்றாவது தடவையாக முடித்த கையோடு இதை எழுதுகிறேன். 1999ல் கேம் பாய்க்கு வந்த கோல்ட், சில்வர் இரண்டையும் பத்து வருஷம் கழித்து, 2009ல், நின்டெண்டோ டிஎஸ்ஸுக்காகப் புதிதாகச் செய்தார்கள். ஹார்ட்கோல்ட், சோல்சில்வர் என்று இரண்டு பதிப்புகள். எனக்கு இந்த கேம் மேல் தீராத பிரியம் உண்டு. கூடவே ஒரு பெரிய மனக்குறையும் உண்டு. இந்தத் தடவை ஆடும்போதுதான் இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்று பிடிபட்டது.

முதலில் மில்டாங்க் என்ற போக்கிமானின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆடியவர்கள் யாருக்கும் அது மறந்திருக்காது.

ஜிம் என்பது ஊருக்கு ஊர் இருக்கும் சண்டைக்கூடம், அதன் லீடரை ஜெயித்தால் ஒரு பேட்ஜ் கிடைக்கும். கோல்டன்ராட் நகரத்து ஜிம் லீடர் விட்னி. மூன்றாவது பேட்ஜ். அதுவரை இரண்டு ஜிம்களையும் என் நெருப்புப் போக்கிமானே ஊதித் தள்ளியிருந்தது. இப்போது அது லெவல் 20 குவிலாவா. விட்னியின் கிளெஃபேரி சீக்கிரமே விழுந்தது. அடுத்து வந்த மில்டாங்க்கின் லெவல் 19தான். பயப்பட ஒன்றுமில்லை என்று நினைத்தேன். மில்டாங்க் முதலில் அட்ராக்ட் போட்டது, எதிர்ப்பாலை மயக்கும் வித்தை. அந்த இனத்தில் பெண் மட்டும்தான் உண்டு. என் குவிலாவா ஆண். மயங்கிப்போய் பாதி நேரம் அடிக்கவே மறுத்தது. அப்புறம் ரோல் அவுட், உருண்டு வந்து மோதும் தாக்குதல். அதன் வலிமை 30ல் தொடங்கி, அடி தவறாத வரை சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாகும்: 60, 120, 240, 480. பாறை வகைத் தாக்குதல் வேறு, நெருப்பு வகைக்கு அடி இரண்டு மடங்கு விழும். மூன்றாவது உருளலில் குவிலாவா சாய்ந்தது. பின்னாலேயே அனுப்பிய பறவைக்கும் அதே கதி. எப்படியோ அதன் உயிரைப் பாதிக்குக் கீழே கொண்டுவந்து மூச்சு விட்டால், மில்க் டிரிங்க் போட்டுப் பாதி உயிரை மீட்டுக்கொண்டது.

நாலு தடவை தோற்றேன். ஐந்தாவது தடவை ஜிம்முக்குப் போகாமல் ஊரைச் சுற்றினேன். அதே ஊரின் டிபார்ட்மென்ட் ஸ்டோரில் ஒருவர் நிற்கிறார், டிரௌஸி கொடுத்தால் மச்சாப் தருவதாகச் சொல்கிறார். டிரௌஸியோ ஊருக்குத் தெற்கே, 34ஆம் வழித்தடத்துப் புல்லிலேயே கிடைக்கிறது. மச்சாப் சண்டை வகை. பாறைத் தாக்குதல் அதற்குப் பாதிதான் வலிக்கும். அதன் லோ கிக் தாக்குதல், எதிரி எவ்வளவு கனமோ அவ்வளவு பலமாக விழும். மில்டாங்க்கின் எடை 75.5 கிலோ. மச்சாப்பைக் கொஞ்சம் பழக்கிக் கூட்டிப்போனேன். ஜெயித்தேன். விட்னி உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள், பேட்ஜைக் கூட உடனே தரவில்லை.

இந்த இடத்தை எத்தனை பாராட்டினாலும் தகும். பூட்டும் சாவியும் ஒரே ஊரில் இருக்கின்றன. ஆனால் இதுதான் சாவி என்று யாரும் கையைப் பிடித்துக் காட்டுவதில்லை. தோற்றவன் தானே சுற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். லெவலை ஏற்றிக்கொண்டு முட்டுவதைவிட, வகைகளைப் புரிந்துகொண்டு டீமை மாற்றுவதுதான் வழி என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

அடுத்தது மரீப். 32ஆம் வழித்தடத்தில் பிடித்த ஆட்டுக்குட்டி. இந்த கேமில் டீமின் முதல் இடத்தில் இருக்கும் போக்கிமான் நம் பின்னாலேயே நடந்து வரும். அப்போது இருந்த 493 போக்கிமான்களுக்கும் இதற்காகத் தனித்தனியாக உருவம் வரைந்திருக்கிறார்கள். திரும்பி நின்று ஏ பட்டனை அழுத்தினால் அதன் மனநிலை தெரியும். ஒரு நேரம் தலைக்கு மேல் இதயக்குறி வரும், ஒரு நேரம் எங்கோ வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும். சண்டைக்கு இதனால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. ஆனால் எனக்கு இந்த கேமே இதுதான்.

ஒலிவைன் நகரத்துக் கலங்கரை விளக்கத்தில் உச்சி மாடிக்கு ஏறினால், அங்கே விளக்காக இருக்கும் ஆம்ஃபரோஸ் நோயில் கிடக்கும். ஜிம் லீடர் ஜாஸ்மின் அதை விட்டு நகரமாட்டாள். கடலைத் தாண்டிப் போய் மருந்து வாங்கி வர வேண்டும். நான் அங்கே ஏறிப் போனபோது என் மரீப் வளர்ந்து ஃப்ளாஃபியாகி, லெவல் 28ல் இருந்தது. இன்னும் இரண்டு லெவலில் அதுவும் ஆம்ஃபரோஸ் ஆகிவிடும். நோயில் கிடக்கும் பெரியதுக்கு எதிரே, என் பின்னால் என் சின்னது வந்து நிற்கிறது. அந்தக் காட்சியை அங்கே யாரும் திட்டமிட்டு வைக்கவில்லை. நான் மரீப்பைப் பிடித்ததால், அதை முதலில் வைத்து நடந்ததால் எனக்குக் கிடைத்தது. மருந்துக்காகக் கடலில் இறங்கியபோது உண்மையிலேயே அவசரமாகப் போனேன்.

கடிகாரமும் அப்படித்தான். கேமுக்குள் ஓடுவது நம் நேரம். ஹூட்ஹூட் வேண்டுமென்றால் இரவில் தேட வேண்டும். யூனியன் குகையின் அடித்தளத்தில் லாப்ராஸ் வெள்ளிக்கிழமை மட்டும் வரும். ஒரு வெள்ளிக்கிழமைக்காக மனுஷன் காத்திருப்பது எவ்வளவு இனிமையானது!

சரி, குறைகளுக்கு வருகிறேன். சின்னவை சில உண்டு. கோல்ட், சில்வரில் புதிய போக்கிமான்கள் என்று அறிமுகமான மர்க்ரோ, ஹௌண்டூர் மாதிரியானவற்றை, கதை நடக்கும் நாடான ஜோட்டோவின் வழித்தடப் புல்வெளிகளில் தேடினால் கிடைக்காது. வழியைத் திறக்கத் தேவைப்படும் எச்எம் மூவ்கள் எட்டு. மரம் வெட்ட ஒன்று, நீந்த ஒன்று என்று போகும். ஒரு போக்கிமானுக்கு நாலு மூவ்தான் இடம். எச்எம்மை நினைத்தபடி அழிக்கவும் முடியாது. இதற்காகவே டீமில் ஓர் இடத்தை வீணாக்க வேண்டியிருக்கிறது.

பெரிய குறை லெவல். நாலாவது பேட்ஜுக்கு அப்புறம் கேம் நம்மை அவிழ்த்துவிடுகிறது. மேற்கே கடலுக்கும் போகலாம், கிழக்கே மஹோகனி ஊருக்கும் போகலாம். அருமையான சுதந்திரம். ஆனால் எந்தப் பக்கம் முதலில் போனாலும் சமாளிக்க வேண்டுமே, அதனால் அடுத்த மூன்று ஜிம் லீடர்களின் போக்கிமான்களும் 29க்கும் 35க்கும் நடுவிலேயே நிற்கின்றன. காட்டுப் போக்கிமான்கள் அதற்கும் கீழே. சாம்பியன் லான்ஸின் டிராகனைட் லெவல் 50. அதையும் ஜெயித்த பிறகு இன்னொரு நாடே திறக்கிறது, கான்டோ. இன்னும் எட்டு பேட்ஜ். ஆனால் அங்கே 1ஆம் வழித்தடத்துப் புல்லில் பிட்ஜியும் ரட்டாட்டாவும் ஒற்றை இலக்க லெவலில் குதிக்கின்றன. கான்டோவின் கடைசி ஜிம் லீடர் ப்ளூவிடம் இருப்பதில் உச்சமே 60. அவரைத் தாண்டி சில்வர் மலை ஏறினால், உச்சியில் பனிக்கு நடுவே, முதல் போக்கிமான் கேமின் நாயகன் ரெட் நிற்கிறான். அவனுடைய பிகாச்சு லெவல் 88.

60க்கும் 88க்கும் நடுவில் படியே இல்லை. ஒரே நாட்டுக்குப் போட்ட லெவல் ஏணியை இழுத்து இரண்டு நாட்டுக்கு வைத்தது மாதிரி இருக்கிறது. நான் செய்தது, 16 பேட்ஜ் வாங்கிய பிறகு வலுவாகத் திரும்பி வரும் எலீட் ஃபோருடன், அதாவது சாம்பியனுக்கு முன்னால் நிற்கும் நால்வருடன், திரும்பத் திரும்ப மோதியதுதான். அதே ஐந்து அறைகள், அதே வசனங்கள், சில வாரங்கள். இங்கேதான் பலர் கேமை மூடி வைத்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. சுற்றித் திரிய இவ்வளவு பெரிய உலகத்தைக் கொடுத்தார்களே, அதே முடிவுதான் இந்த வறட்சியையும் கொண்டுவந்தது.

மூன்றாவது முயற்சியில் ரெட்டிடம் ஜெயித்தேன். பேச்சுக் கொடுத்தால் அவனிடமிருந்து வருவது வெறும் புள்ளிகள்தான். பிகாச்சுவுக்கு இரண்டு பேரை இழந்தேன். லாப்ராஸையும் பிளாஸ்டாய்ஸையும் என் ஆம்ஃபரோஸ் பார்த்துக்கொண்டது. கடைசியாக நின்ற சாரிஸார்டை அது தண்டர்போல்ட் அடித்துச் சாய்த்தபோது அதற்கு மிச்சமிருந்தது 11 எச்பி உயிர்.

பெயர்ப் பட்டியல் ஓடி முடிந்ததும் கேமை மறுபடி திறந்தேன். பை நிறைய மருந்து இருந்தது. முதல் வேலையாக ஆம்ஃபரோஸைத் திரும்பவும் முதலிடத்துக்கு மாற்றிவிட்டு, 32ஆம் வழித்தடத்துக்கு நடக்க ஆரம்பித்தேன்.