கனடா பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது ஊருக்குப் போய் வரலாமா?

கனடாவில் பணி அனுமதியில் இருந்தபடி எக்ஸ்பிரஸ் என்ட்ரி (திறன் பணியாளர்களுக்கான குடியேற்ற முறை) வழியாக பிஆருக்கு விண்ணப்பித்திருக்கிறேன். மருத்துவப் பரிசோதனை, கைரேகை எல்லாம் முடிந்துவிட்டன. இதற்கிடையில் தங்கைக்குத் திருமணம் நிச்சயமாகிவிட்டது. நான் வந்தே தீர வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நிற்கிறார்.

விசாவும் பணி அனுமதியும் செல்லுபடியாவதால் திரும்பி நுழைவதில் பயமில்லை. ஆனால் நான் வெளியே இருக்கும்போது, பிஆரை உறுதிசெய்யும் கடைசிக் கட்டத்துக்கான பிஆர் போர்ட்டல் (குடிவரவுத் துறையின் இணையதளம்) மின்னஞ்சல் வந்துவிட்டால் என்ன செய்வது? கனடாவுக்குள் இருப்பதாக அதில் உறுதி சொல்ல வேண்டும். பொய் சொல்ல எனக்கு மனமில்லை. கிளம்பும் முன்பே ஒப்புதல் வந்தாலும் தலைவலிதான்: பிஆர் ஆனபின் பிஆர் அட்டையோ அதற்கான தனிப் பயண ஆவணமோ இல்லாவிட்டால், திரும்பும் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அட்டையையோ கனடா முகவரிக்கு மட்டுமே அனுப்புவார்கள்.

இப்படிப் போய் வந்தவர்களே, அந்த மின்னஞ்சலுக்கு என்ன பதில் எழுதினீர்கள்? நீங்கள் திரும்பும்வரை காத்திருந்தார்களா? பயணத் தேதிகளை முன்கூட்டியே தெரிவிப்பது நல்லதா, வீண் தாமதமா? தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.