அம்மாவுக்குச் சுவீப் (லொத்தர்) விழுந்திருக்கிறது, லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) எப்படி மறைப்பது?

தலவாக்கலைப் பையன்:
அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். டவுனில் வாங்கிய டிக்கட்டுக்கு ஒரு கோடி விழுந்திருக்கிறது. நான் வெள்ளவத்தையில் கடை வேலை. டிக்கட்டை இன்னும் கொடுக்கவில்லை. எங்கள் லயத்தில் ஒரு காம்பராவில் தும்மினால் அடுத்த காம்பராவில் ‘நூறு’ என்பார்கள். போதாததற்கு மச்சான் டிக்கட்டைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போட்டுவிட்டார். அரை மணி நேரத்தில் அழிக்க வைத்தேன். இப்போது என்ன செய்வது?

ஹட்டன் அக்கா:
தம்பி, படத்தைக் காட்டிக் காசு வாங்க முடியாது, அசல் டிக்கட் வேண்டும். முதலில் அதன் பின்பக்கம் அம்மா கையெழுத்து, அடையாள அட்டை இலக்கம். அட்டையில் இருக்கிற பேரேதான் பாஸ் புத்தகத்திலும் இருக்கிறதா? என் மாமியார் பிறப்புச் சான்றிதழில் மாரியாயி, அட்டையில் மாரியம்மா. ஈ.பி.எஃப் (சேமலாப நிதி) காசுக்கு எட்டு மாதம் அலைந்தோம்.

‘பரிசை விடுவிக்க முற்பணம் கட்டுங்கள்’, ‘ஓடிபி சொல்லுங்கள்’ என்று அழைப்பு வந்தால் வெட்டிவிடுங்கள். ஸ்டேட்டஸ் பார்த்த எவனோதான்.

பழைய வங்கிக்காரன்:
லொத்தர் பரிசு ஐந்து லட்சத்துக்கு மேல் போனால் 14% வரி பிடித்துவிட்டுத்தான் தருவார்கள். கையில் வருவது 86 லட்சம். ‘கோடி’ என்று நினைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

வங்கி முறிந்தால் கிடைக்கும் வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 லட்சம் வரைதான். கூடுதல் வட்டி என்று யாராவது ஆசை காட்டினால் இதை நினையுங்கள். தேசிய சேமிப்பு வங்கி வைப்புகளுக்கு அரசு முழு உத்தரவாதம் உண்டு. பெரும்பகுதியை அங்கே நிலையான வைப்பில் போடலாம். வட்டியில் 10% வரி பிடிப்பார்கள். ஆனால் அம்மாவின் ஆண்டு வருமானம் 18 லட்சத்தைத் தாண்டாவிட்டால் சுய பிரகடனம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். 86 லட்சத்தின் வட்டி அவ்வளவு வராது.

கணக்கைக் கண்டியில் திறவுங்கள். வங்கிக்காரன் வாய் திறக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது, வரிசையில் நிற்கிற பக்கத்து லயத்துக்காரருக்கு இல்லையே!

மஸ்கெலியா:
மறைக்கவே முடியாது தம்பி. விற்றவரே ‘ஒரு கோடி விழுந்த இடம்’ என்று பதாகை கட்டுவார். ஆள் யார் என்பதை வேண்டுமானால் மறைக்கலாம். அதனால் அம்மா பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம்) போவதை உடனே நிறுத்த வேண்டாம். மச்சான் புது ஆட்டோ எடுத்தாலும் கதை முடிந்தது. கேட்பவர்களிடம் ‘சின்னத் தொகை, கடன் அடைந்தது’ என்றால் போதும்.

கொழும்பில் பரிசு வாங்கும்போது படம் எடுக்கக் கூப்பிடுவார்கள். வேண்டாம் என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள், வாசிக்காமல் எதிலும் கையெழுத்து வேண்டாம்.

தலவாக்கலைப் பையன்:
நன்றி. பேர் எல்லாவற்றிலும் ஒன்றுதான், பார்த்துவிட்டேன். லயத்துக்குப் பின்னால் இரண்டு அறை கட்டலாம் என்று அம்மாவுக்கு ஆசை.

ஹட்டன் அக்கா:
உறுதி (காணிப் பத்திரம்) இல்லாத மண்ணில் ஒரு கல்லும் வைக்காதீர்கள். வெளியே காணி பார்த்தாலும், காணிப் பதிவகத்தில் தேடிப் பார்த்த பிறகுதான் முற்பணம்.

தலவாக்கலைப் பையன்:
சரி அக்கா. திங்கட்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். இரண்டு நாளாக அவருக்கு ஒரே கவலை: கொழும்புக்குப் போனால் அன்றைய பேர் (ஒரு நாள் சம்பளம்) போய்விடுமாம்.