கலைச்சொல் விவாதம்: எச்சமா, கசிவா, சீர்தூக்கியா?

அனைவருக்கும் வணக்கம்.

குளியலறை மின்னிணைப்பு பற்றிய பயிற்சிக் கையேட்டை மொழிபெயர்த்து வருகிறேன். நாளை மாலை அச்சுக்குப் போகிறது. தண்ணீருக்கு எவ்வளவு அருகில் என்று குளியலறையைப் பிரிக்கும் மண்டலங்களில் சிக்கல் இல்லை. தொட்டியின் உட்புறம் மண்டலம் 0, அதற்கு நேர்மேலே தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரம் வரை 1, அதையொட்டிப் பக்கவாட்டில் 60 செ.மீ. வரை 2. என்னை நிறுத்தி வைத்திருப்பது ஆர்.சி.டி., அதாவது மின்னோட்டம் கசிந்தால் இணைப்பை அறுக்கும் பாதுகாப்புக் கருவி. அதற்கு வரைவில் "எச்ச மின்னோட்டச் சாதனம்" என்று போட்டிருக்கிறேன். பக்கத்துக்கு ஐந்து முறை வருகிறது. படிக்கப்போவது வயரிங் வேலை பழகும் பிள்ளைகள். வாயில் நிற்கிற ஒரு சொல் சொல்லுங்கள்.

*

அம்மா, எச்சத்தை அவசரப்பட்டுத் தள்ளிவிடாதீர்கள். ஃபேஸ் கம்பியில் போன மின்னோட்டத்தையும் நியூட்ரலில் திரும்பியதையும் இந்தக் கருவி ஒப்பிடுகிறது. சமமாக இருந்தால் பேசாமல் இருக்கிறது. குறைந்தால் அறுக்கிறது. "தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப் படும்" என்று வள்ளுவர் சொல்லும் எச்சத்துக்கு உரைகாரர்கள் பல பொருள் கண்டாலும், எஞ்சி நிற்பது என்பதுதான் வேர். இலக்கணத்துக்கு வாருங்கள். "வந்த" என்று நிறுத்தினால் பொருள் முடியவில்லை. ஒரு பெயருக்காகக் காத்து நிற்கிறது. அதனால்தான் அது பெயரெச்சம். திரும்பி வராத மின்னோட்டமும் அப்படி முடியாமல் நிற்கும் தொடர்தான்.

ஆனாலும் இதைவிட நல்ல சொல் நம் கையிலேயே இருக்கிறது. "சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்". இரு தட்டையும் ஒப்பிட்டு, கோடினால் காட்டிக்கொடுப்பது துலாக்கோல். கருவி செய்வதும் அதே வேலை. "சீர்தூக்கி" என்று வையுங்கள். ஐந்தே எழுத்து.

*

ஐயா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் நான் தினமும் சுவிட்ச் பெட்டியின் முன் மாணவர்களை நிறுத்துகிறவன். ஒரு நாள் மூடியைக் கழற்றிவிட்டு, "எச்ச மின்னோட்டச் சாதனம் எது, தொட்டுக் காட்டு" என்றேன். பாடத்தை வரி பிசகாமல் ஒப்பித்த மாணவன்தான். அவன் விரல் நேராகப் போய், அளவுக்கு மீறி மின்னோட்டம் ஓடினால் அறுக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி.யின் மேல் நின்றது. பக்கத்திலேயே சோதனைப் பொத்தானோடு இருந்த ஆர்.சி.டி.யை அவன் பார்க்கவே இல்லை.

இது எனக்குச் சொல் விளையாட்டு அல்ல. எம்.சி.பி. கம்பியைக் காக்கிறது, ஆளைக் காப்பதில்லை. நாங்கள் குளியலறைக்குப் போடும் ஆர்.சி.டி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அறுத்துவிடும். 16 ஆம்பியர் என்பது அதைப் போல் ஐந்நூறு மடங்குக்கும் மேல். ஈரக் கையோடு, கோளாறான ஹீட்டரைத் தொட்டவரின் உடல் வழியே ஓடுவது எம்.சி.பி.க்குத் தெரியவே தெரியாது. எனவே பெயரில் "கசிவு" இருந்தே ஆக வேண்டும். கசிவு என்றதும் பிள்ளைகளுக்குக் குழாய் நினைவுக்கு வரும். இந்த முனையில் விட்ட தண்ணீர் அந்த முனையில் குறைகிறது என்றால் நடுவில் ஒழுகுகிறது. அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. "கசிவுத் துண்டிப்பான்" என்பது என் வாக்கு.

*

கசிவில் ஒரு பள்ளம் இருக்கிறது. "மின்கசிவால் தீ" என்று நாளிதழ்களில் படித்துப் பழகியிருக்கிறோம். ஷார்ட் சர்க்யூட்டையும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஷார்ட் சர்க்யூட்டில் அறுக்க வேண்டியது எம்.சி.பி. தாங்கள் சொன்ன மாணவர் "கசிவு" என்று படித்தாலும் அதே இடத்தில்தான் விரலை வைப்பார்.

தவிர, "துண்டிப்பான்" வினைமுற்று. நாளை அவன் துண்டிப்பான். ஒலிபெருக்கி, பூச்சிக்கொல்லி போல இகர ஈறு நமக்கு இருக்கும்போது ஆண்பால் விகுதி எதற்கு? "துண்டிப்பி" என்போம்.

*

"துண்டிப்பி" என்றால் பிறரைக் கொண்டு துண்டிக்கச் செய் என்று பொருள். பிறவினை ஏவல்! பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிப்பானால் அழிக்கிறார்கள். அதை எவரும் ஆண்பாலாக எண்ணியதில்லை. "ஆன்" விகுதி இருக்கட்டும்.

இத்தனை தயக்கம் என்றால் "உயிர்காப்பான்" என்றே வைத்துவிடலாமே? மக்களுக்கு உடனே மனத்தில் பதியும்.

*

அந்தப் பெயரை மட்டும் வைக்காதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன். ஒரு கையில் ஃபேஸும் மறு கையில் நியூட்ரலும் பட்டு, தரையோடு தொடர்பில்லாமல் நிற்பவரை ஆர்.சி.டி. காக்காது. போனது முழுவதும் திரும்பிவிடுகிறது. அதன் கணக்கில் குறை எதுவும் இல்லை. உயிர்காப்பான் இருக்கிறது என்று நம்பி மெயினை அணைக்காமல் கை வைப்பார்கள். எர்த் கம்பியும் வேண்டாம் என்பார்கள். எர்த் இருந்தால் ஹீட்டரின் உடலில் மின்சாரம் ஏறிய உடனே கருவி அறுத்துவிடும். இல்லையென்றால் ஒருவர் தொடும் வரை காத்திருக்கும்.

"நிலக்கசிவு" என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: கசிவு எர்த் கம்பி வழியாகத்தான் போக வேண்டும் என்பதில்லை. வெறும் "கசிவு" போதும்.

*

நன்றி, எல்லோருக்கும். மணி இரவு பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. எண்ணிப் பார்த்தேன்: கசிவுத் துண்டிப்பானுக்கு மூவர், சீர்தூக்கிக்கு ஒருவர், துண்டிப்பிக்கு ஒருவர். முதலில் வரும் இடத்தில் "ஆர்.சி.டி. எனப்படும் கசிவுத் துண்டிப்பான்" என்றும், பிறகு கசிவுத் துண்டிப்பான் என்றும் போடுகிறேன். நாளிதழ்க் கசிவைப் பற்றிய எச்சரிக்கை நியாயமானது. அதனால் எம்.சி.பி.யின் படத்தையும் இதன் படத்தையும் அருகருகே வைத்து, சோதனைப் பொத்தானுக்கு அம்புக்குறி போடச் சொல்லியிருக்கிறேன்.

*

போகட்டும் அம்மா, அச்சைத் தாமதப்படுத்த மாட்டேன். ஆனால் என் மறுப்பு நிற்கிறது. ஒப்பிடுதல்தான் இதன் உயிர், அது பெயரில் இல்லை. ஒன்று கேட்கிறேன். கருவியின் உட்புறப் படத்தில் ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்து நுழையும் இரும்பு வளையம் ஒன்று இருக்குமே, அதற்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை. அதன் கீழாவது "சீர்தூக்கும் வளையம்" என்று எழுதுவீர்களா?