கண்மாய்த் தூண்டில்: தக்கை எப்படி அசைந்தால் என்ன மீன்?

மதுரை, சிவகங்கைப் பக்கக் கண்மாய்களில் ஐப்பசி, கார்த்திகை மழையில் பெருகிய தண்ணீர் தை பிறந்ததும் தெளியத் தொடங்கும். தூண்டிலுக்கு நல்ல பருவம் அதுதான். போவதற்கு முன் ஊரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பல கண்மாய்களில் மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, ஏலம் போயிருக்கும். குத்தகைக்காரர் குஞ்சு விட்டு வளர்க்கிற தண்ணீரில் கேட்காமல் தூண்டில் முள் போடக் கூடாது.

ஜிலேபி மீனுக்கு எட்டு முதல் பத்தடி மூங்கில் குச்சி, ஏறக்குறைய அதே நீளத்துக்கு 0.25 மி.மீ. நரம்பு (நைலான் தூண்டில் நூல்), 8 அல்லது 10-ஆம் நம்பர் முள் போதும். நம்பர் கூடக் கூட முள் சிறிதாகும். இது தெரியாமல் பெரிய முள் வாங்கி வருபவர்கள் நிறைய. ஜிலேபிக்கு வாய் சின்னது; முள் பெரிதாக இருந்தால் புழுவை ஓரத்திலேயே கொத்தித் தின்றுவிட்டுப் போய்விடும். மண்புழுவை ஓர் அங்குலத்துக்குக் கிள்ளி, முள்ளின் வளைவு மறையும்படி கோத்து, வால் கொஞ்சம் மட்டும் நெளியும்படி விட்டால் சரி.

முடிச்சில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். நரம்பை முள்ளின் காதில் விட்டு, ஐந்தாறு சுற்று முறுக்கி, நுனியைக் காதை ஒட்டிய கண்ணியில் நுழைத்து, எச்சில் தொட்டு மெதுவாக இறுக்க வேண்டும். உலர்ந்தபடி வெடுக்கென்று இழுத்தால் உராய்வுச் சூட்டில் நரம்பு அங்கேயே பலம் இழக்கும். பெரிய மீன் இழுக்கும்போது அறுவதும் அங்கேதான்.

*

முள், முடிச்சு எல்லாம் சரியாக இருந்தும் கடி இல்லை என்றால் ஆழத்தைப் பாருங்கள், இரையை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். முள்ளில் கனமான ஈயக் குண்டு ஒன்றை மாட்டிப் போடுங்கள். நரம்பில் மிதவையாகக் கட்டிய தக்கை முழுகிப் போனால் நீங்கள் வைத்ததைவிட ஆழம் அதிகம். தக்கையைக் குச்சிப் பக்கம் ஏற்றுங்கள். படுத்துக் கிடந்தால் முள் பக்கம் இறக்குங்கள். நுனி மட்டும் தெரிய நின்றால் அதுதான் ஆழம். இனிக் குண்டைக் கழற்றிவிட்டு, தக்கையை நாலு விரல் இறக்கினால் இரை தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் தொங்கும். ஜிலேபிக்கு அது போதும். கெளுத்திக்கு இரை தரையைத் தொட வேண்டும். மடைக்குப் பக்கத்தில் இரண்டு எட்டு தள்ளி உட்கார்ந்தாலே ஆழம் மாறும், அப்போது திரும்ப அளக்கணும்.

தக்கைக்கு மயிலிறகுத் தண்டுக்கு மேல் ஒன்றும் இல்லை. கடுகு ஈயத்தை ஒவ்வொன்றாக நரம்பில் கடித்துச் சேர்க்காமல் குறட்டால் நசுக்கிச் சேர்த்து, ஒரு விரல் அகலம் மட்டும் வெளியே தெரியும்படி நிறுத்துங்கள். தக்கை இதற்கு மேல் வெளியே தெரியும்படி மிதந்தால் மீன் இழுக்கும்போது எதிர்த்து இழுப்பது அதற்குத் தெரிந்துவிடும், துப்பிவிடும்.

ஜிலேபி என்றால் தக்கை படபடவென்று துடித்துப் பக்கவாட்டில் நகரும். துடிக்கும்போது இழுக்காமல் நகரும்போது மணிக்கட்டால் சுண்டுங்கள். மிர்கால் கெண்டை தரையில் மேய்வது; இரையைக் கவ்வித் தலையை நிமிர்த்தும்போது ஈயமும் சேர்ந்து தூக்கப்படும், தக்கை மேலே எழும்பிச் சாயும். புதியவர்கள் ‘ஒன்றும் இல்லை’ என்று விட்டுவிடுவது இந்தக் கடியைத்தான். கெளுத்தி சாய்வாக ஒரே இழுப்பாக உள்ளே கொண்டுபோகும்.

பச்சை ஏறிய தண்ணீரில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் தூண்டில் போட்டுப் பயனில்லை. இரவெல்லாம் பாசியும் மூச்சு விடுவதால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்திருக்கும். வெயில் நன்றாக ஏறட்டும்.

*

கெளுத்தியைத் தூண்டிலிலிருந்து கழற்றும்போது கவனம் வேண்டும். அதற்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முள். பயந்தால் மூன்றையும் விறைப்பாக விரித்துப் பூட்டிக்கொள்ளும். ஈரத்துணியால் மூடி, பக்க முட்களுக்குப் பின்னால் விரல்களைக் கொடுத்து, உள்ளங்கை வயிற்றுப் பக்கம் இருக்கும்படி பிடிக்க வேண்டும். குத்திவிட்டால் கை தாங்கும் சூட்டில் வெந்நீரில் அரை மணி நேரமாவது முக்கி வைத்தால் கடுப்பு இறங்கும். முள் உள்ளே ஒடிந்திருந்தால் ஆஸ்பத்திரிதான்.

விராலுக்கு இந்த நரம்பு தாங்காது, 0.40-க்கு மேல் வேண்டும். உயிருள்ள கெண்டைக் குஞ்சை முதுகுத் துடுப்புக்குச் சற்றுக் கீழே மேலோட்டமாகக் கோத்து, பாசி ஓரமாக விடுங்கள். கவ்வியதும் கொஞ்சம் நின்று, திருப்பி விழுங்கி, பிறகுதான் ஓடும். முதல் இழுப்பிலேயே சுண்டினால் குஞ்சு மட்டும் கிழிந்து வரும். தண்ணீர் மேல் செந்நிறத்தில் பொடிக் குஞ்சுகள் கூட்டமாகக் கொதித்தால் அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் பாயும், பிடிப்பது சுலபம். தயவுசெய்து பிடிக்காதீர்கள், காவல் போனால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும்.

*

தக்கை துடிக்காமல், நிற்காமல், பாரமாக மெதுவாக நகர்ந்துகொண்டே போனால் அது பெரும்பாலும் ஆமை. வலித்து இழுக்காமல் கரைக்குக் கொண்டுவந்து, முள் வெளியே தெரிந்தால் குறட்டால் திருகி எடுங்கள். விழுங்கியிருந்தால் வாயை ஒட்டி நரம்பை வெட்டி விட்டுவிடுங்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி கண்மாய் ஆமையைக் கொண்டுபோவது குற்றம்.

அறுந்த நரம்பைக் கரையில் போடாதீர்கள். நைலான் மக்காது, கொக்கு, நீர்க்காகத்தின் கால்களில் சுற்றி இறுகிவிடும். உள்ளங்கையில் சுற்றிப் பையில் போட்டு, வீட்டில் துண்டு துண்டாக நறுக்கிக் குப்பையில் சேருங்கள்.